பொட்டு வச்ச டிவி

வேணாங்குறாரா? யாரு, அப்பாவா?

மொதல்ல உக்காரு பிரேமா. வாசல்ல நின்னுகிட்டே சொல்லிட்டுப் போற விசயமா இது? அந்த நாற்காலி வேணாம்மா, கால் ஆடும். இதுல உக்காரு. ஜெராய் மலப் பக்கம் கறுத்துக்கிட்டு நிக்குது பாரு, மழ வந்துரும். அதுக்கு முன்னால இப்படித்தான் புழுங்கும். ஃபேன சுத்த விடுறேன். கோப்பி கலக்கவா? புள்ளைங்கல்லாம் வீட்டுக்குப் போயாச்சு, டீச்சருங்களும் போயாச்சு. நமக்கு ஒரு அவசரமும் இல்ல.

ஆங், இப்பச் சொல்லு. பழைய டிவிய மேடைக்குக் கொண்டு வர வேணாம், புதுக் கலர் டிவிய மட்டும் திறந்து வச்சாப் போதும்னு சொன்னாரா. சரி. ஏன்னு கேட்டியா? பழசு, பாக்க நல்லா இருக்காதுன்னா? அவ்வளவுதானா?

என்னம்மா இது. உங்கப்பா ஓய்வு பெறுறாரு, அதுக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழ் எல்லாம் அடிச்சாச்சு. இந்தா, என் மேசையிலயும் ஒன்னு கெடக்கு. தோட்டப் பள்ளிக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு வந்த முன்னோடி, உயர்திரு நடராஜா அவர்கள். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. கொண்டு வந்தவரு மேடையில இருப்பாரு, கொண்டு வந்த சாமான் மட்டும் ஸ்டோர்ல கெடக்கணுமா? மாப்பிளைய மணவறையில ஒக்கார வச்சிட்டுப் பொண்ண அறையில போட்டுப் பூட்டுன மாதிரில்ல இருக்கும். சிரிக்கிற பாரு. நீயே சிரிக்கிற.

அது என் யோசனைதான், ஆமா. பெற்றோர் சங்கக் கூட்டத்துல நான்தான் சொன்னேன். சார் மொதல்ல தன் கையால பழைய டிவிய திறக்கட்டும், அப்புறம் புதுசுல பொத்தான அமுக்கட்டும், அன்னிக்கும் இன்னிக்கும்னு ஒரு பொருத்தமா இருக்கும்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. புது டிவி வைக்கிற ஊடக அறைக்கு உங்கப்பா பேர வைக்கிறதுக்கும் நான் மறுத்துப் பேசல. பேரு எழுதுன பலகை கூட பீடோங் டவுன்லேருந்து வந்துருச்சு, திரை போட்டு மூடி வச்சிருக்கேன். போறப்பப் பாத்துட்டுப் போ.

உனக்கு அந்த டிவி வந்த நாள் ஞாபகம் இருக்கா? இருக்காது. ரெண்டாம் வகுப்பு அப்ப. என் வகுப்புலதான் இருந்த, மொத வரிசையில, ரெட்டச் சட போட்டுக்கிட்டு. வரிசையாச் சொல்றேன், நான் எதையும் வரிசையாச் சொல்லித்தான் பழக்கம். கேளு.

எழுவத்து மூனு. அரசாங்கம் டிவியில பாடம் போட ஆரம்பிச்சிருந்த நேரம். பள்ளிக்கூடங்களுக்கு டிவி குடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு, அப்ப இங்க ஹெட்மாஸ்டரா இருந்த உங்கப்பா ஓடி ஓடி எழுதிப் போட்டாரு. அத இல்லன்னு சொல்லக் கூடாது, அது அவரு செஞ்சதுதான். ஒரு நாள் காலையில லோரி வந்துச்சு. மரப் பொட்டி. நாலு காலு. இப்ப உள்ள டிவி மாதிரி கண்ணாடியக் காட்டிக்கிட்டு நிக்காது, முன்னால ரெண்டு மரக்கதவு, ரெண்டு பக்கமும் தள்ளித் திறக்கணும். நடுவுல பூட்டு. லோரிக்காரனுங்க ரெண்டு பேரு, நம்ம பள்ளிக்கூடத்துக் காவலுக்கு இருந்த ஜாகா அம்மாசி ஒரு பக்கம், ரப்பர்ப் பால் ஸ்டோர்லேருந்து ஒருத்தன் ஒரு பக்கம், நாலு பேரு சேந்து மூச்சு முட்டத் தூக்கிட்டு வந்து ஆறாம் வகுப்புல எறக்குனாங்க. எறக்குன பெறகு அம்மாசி இடுப்பப் புடிச்சிகிட்டு, என்னா சார் உள்ள யானைக்குட்டிய வச்சி அனுப்பிட்டானுங்களான்னான். புள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. தேங்கா ஒடச்சி, சூடம் காட்டி, உங்கப்பா சாவிய எடுத்து இங்க, சட்டப் பையில போட்டுக்கிட்டாரு.

திறந்து காட்டல அன்னிக்கு. பகல்ல கரண்டு இல்லியே. தோட்டத்து எஞ்சின் சாயங்காலம்தான் ஓடும். பகல்ல கரண்டு இருந்தது துரை பங்களாவுக்கு, பால் ஆலைக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் ஆபீஸ் கிராணிமாரு வீட்டு வரிசைக்கு. உங்க வீடும் அந்த வரிசையிலதான் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குக் கம்பி இழுக்கல. கரண்டு வரட்டும், திறப்போம், அது வரைக்கும் தூசி போவக் கூடாது, எலி போவக் கூடாதுன்னு உங்கப்பா பூட்டியே வச்சாரு. நியாயமான பேச்சுத்தான். நானும் நம்புனேன்.

எனக்கு அது மேல எவ்வளவு ஆச தெரியுமா. பயிற்சிக் கல்லூரியில நான் படிச்சது அது. ஒலி ஒளிக் கருவிகள் தனிப் பாடம் எங்களுக்கு. புரொஜெக்டர் ஓட்டுவேன், டேப் ரெக்கார்டர்ல பாடம் பதிவு பண்ணுவேன், ஆன்டெனா எந்தப் பக்கம் திருப்பணும்னு கூடச் சொல்லிக் குடுத்தாங்க. டிவி வந்தா நம்ம புள்ளைங்களுக்கு என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியும். படம் காட்டுறது ரெண்டாவது. மொத விசயம் காது. நம்ம தோட்டத்துப் புள்ள மலாய எங்கம்மா கேக்கும்? வீட்ல தமிழ், காட்டுல தமிழ், கோயில்ல தமிழ். மலாய்க்கார மீன்காரரு சைக்கிள்ல வந்தா ரெண்டு வார்த்த. புத்தகத்துல எழுத்துக்கூட்டிப் படிக்கும், வாயில வராது. ஒரு மொழிய காதுல கேக்காம எப்படி வாயில வரும்? டிவியில வாரம் முழுக்க மலாய்ப் பாடம் போவுது. நல்ல உச்சரிப்பு, நல்ல படம். அது அந்தப் பொட்டிக்குள்ள இருக்கு, வெளிய எங்க புள்ளைங்க தரையில உக்காந்துருக்கு. நடுவுல ஒரு பூட்டு.

குடி, ஆறிடும். சீனி போதுமா?

அப்ப சரசுவதி பூச வந்துச்சு. புத்தகம், சிலேட்டு, ஆர்மோனியம் எல்லாம் அடுக்கி வச்சாங்க. அம்மாசிதான் கேட்டான், டிவியும் படிப்புச் சாமான்தானே டீச்சர், அதுக்குப் பொட்டு வைக்க வேணாமான்னு. நான் வேதக்காரி, எனக்கு அதுல என்ன தெரியும். புள்ளைங்க பூட்டுன கதவு மேல சந்தனம் தடவி, குங்குமம் வச்சி, மால போட்டு, வரிசையா வந்து தொட்டுக் கும்புட்டாங்க. நீயும் கும்புட்ட. உங்கப்பா பக்கத்துல நின்னு, தொடுறதோட சரி, யாரும் சாயக் கூடாது, நகத்தக் கூடாதுன்னு அதட்டிக்கிட்டே இருந்தாரு. வெலையுள்ள சாமானாச்சேன்னு நெனச்சேன். வருசா வருசம் அதே மாதிரி. பழைய பொட்டு மேல புதுப் பொட்டு.

இன்னொன்னும் பழக்கமாச்சு. குணவதி உனக்குத் தெரியும்ல? மேட்டு லயத்துல, தொழிலாளி வீட்டு வரிசையில இருந்த பொண்ணு, உனக்கு மூத்தவ. தெரியாதா. பரவால்ல, ஞாயித்துக்கெழம விழாவுல பாப்ப. படிப்புல அவள மாதிரி ஒரு புள்ள எனக்கு அதுக்கு முன்னால கெடைக்கல, பின்னாலயும் கெடைக்கல. அஞ்சாம் வகுப்புச் சோதனைக்கு மொத நாளு, அவ எழுதித் தேஞ்ச பென்சில் துண்டு ஒன்ன எடுத்து அந்த ரெண்டு கதவுக்கு நடுவுல இருக்குற சந்துல உள்ள தள்ளி விட்டா. என்னாடி இதுன்னேன். டிவிக்குக் குடுக்குறேன் டீச்சர், அது எனக்கு மலாய் சொல்லித் தரட்டும்னா. சோதனையில அவதான் மொதல். அவ்வளவுதான், சோதனைன்னாலே ஆளாளுக்கு ஒரு பென்சில் துண்டு. உண்டியல்ல போடுற மாதிரி. உங்கப்பா பாக்காத நேரமாப் பாத்துத்தான் போடுவாங்க. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துருவேன்.

இதுக்கு நடுவுல உங்க வீட்டுக்கு டிவி வந்துருச்சு. ஞாபகம் இருக்கா, அது? அது இருக்கும். பள்ளி விடுமுறையில வந்துச்சு, நாங்க திரும்பி வந்தப்ப உங்க வீட்டுக் கூரையில ஆன்டெனா நின்னுச்சு. தோட்டத்துல துரைக்கு அடுத்தபடியா உங்க வீட்லதான். சனிக்கெழம தமிழ்ப் படம் போட்டா லயத்துப் புள்ளைங்கல்லாம் உங்க ஜன்னலுக்கு வெளிய நிக்கும், கொசுக்கடியில, ஒன்னு தோள் மேல ஒன்னு ஏறி. உங்கம்மா பாவம், கதவத் திறந்து விடலாம்னுதான் பாப்பாங்க. அப்பா விட மாட்டாரு. தர அழுக்காயிரும். குணவதி கூட நின்னுருக்கா, தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு. நீ உள்ள சோபாவுல.

இல்லம்மா, உன்னக் குத்தம் சொல்லல. சின்னப் புள்ள நீ. என்னா தெரியும்?

நான் சும்மா இருக்கல. என் வீட்டுக்காரரு கிளாரன்ஸ், தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரஸ்ஸர். அவர உனக்கு ஞாபகம் இருக்கணுமே, உனக்கு அம்ம குத்துனது அவருதான், நீ கையக் கடிச்சி வச்ச. அவரு பேச்சுன்னா துரை கேப்பாரு. நான் அவர்கிட்ட சொல்லி, அவரு துரைகிட்ட சொல்லி, ஆஸ்பத்திரியிலேருந்து பள்ளிக்கூடத்துக்குக் கம்பி இழுக்குறதுக்கு உத்தரவு வாங்கியாச்சு. எலக்ட்ரிக்காரன் வந்தான், ஆறாம் வகுப்புச் சொவத்துல வெள்ளையா ஒரு பிளக் பாயிண்ட் வச்சான், பல்பப் போட்டுக் காட்டுனான். பட்டப் பகல்ல பல்பு எரியிறதப் பாத்துப் புள்ளைங்க கை தட்டுச்சு. நான் ஓடுனேன் உங்கப்பாகிட்ட. சார், கரண்டு வந்துருச்சு, சாவியக் குடுங்கன்னேன்.

அவரு மொகம் போன போக்க நான் இன்னிக்கும் மறக்கல. யாரக் கேட்டு இழுத்தீங்கன்னாரு. மொத மொதல்ல என்கிட்ட கத்துனது அன்னிக்குத்தான். அப்புறம் சமாளிச்சிகிட்டு, இந்தக் கரண்டு சரிப்படாது டீச்சர், ஏறி எறங்கும், டியூபு வெடிச்சிரும், புள்ளைங்க மூஞ்சியில அடிக்கும்னாரு. ஆஸ்பத்திரியில பிரிட்ஜு ஓடுதே சார், அது வெடிக்கலியேன்னேன். அடுத்த வாரம் கேட்டேன், சாவி வீட்ல. அதுக்கடுத்த வாரம் கேட்டேன், சாவியக் காணோம், தேடிக்கிட்டு இருக்கேன். சட்டப் பையில சாவி தெரியுது பிரேமா. வெள்ளச் சட்ட, பித்தாளச் சாவி. பேசிக்கிட்டே கையால பையப் பொத்திக்குவாரு.

அந்தத் தவணையில இன்ஸ்பெக்டர் வந்தாரு. ஆறாம் வகுப்புக்குள்ள வந்து, ஓ டிவி இருக்கே, நல்லாப் பயன்படுத்துறீங்களான்னாரு. உங்கப்பா ஆமான்னு தலைய ஆட்டுறாரு. நான் எழுந்து, ஐயா, இது வந்த நாள்லேருந்து திறக்கவே இல்ல, சாவி சார்கிட்ட இருக்கு, இப்பத் திறந்தா நீங்களே பாக்கலாம்னு மரியாதையாச் சொன்னேன். உங்கப்பா சிரிச்சாரு. சாப்பாடு ஆறுது ஐயா, வீட்ல ஆட்டெறச்சி ஆக்கி வச்சிருக்கு, சாப்ட்டுட்டு வந்து பாக்கலாம்னு தோள்ல கைய போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த மனுசன் திரும்பி வரல. உங்க வீட்ல டிவி பாத்துக்கிட்டே சாப்ட்டாராம், மறுநாள் நீதான் வந்து வகுப்புல பெருமையாச் சொன்ன.

வருசக் கடைசியில எனக்கு மாத்தல் வந்துச்சு. பண்டார் பாரு. கெடா மாநிலம் அதோட முடிஞ்சிருது, ஆத்தத் தாண்டுனா பேரா மாநிலம். அதுக்கு மேல தள்ளணும்னா உங்கப்பாவால முடியாது. ஆசிரியர் கூட்டத்துல எல்லாரையும் வச்சிகிட்டு அவரே சொன்னாரு. நவீனக் கருவிகளக் கையாள டீச்சருக்குத் தெரியல, அவசரப்படுறாங்க, வெலையுள்ள சாமானுக்குச் சேதம் வந்துரும், அதனால நான்தான் மேலிடத்துல எடுத்துச் சொன்னேன்னாரு. எனக்கு! கருவி தெரியாது! சேலைத் தலப்ப இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்துருந்தேன். மத்த டீச்சருங்க சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

போனேன். அங்க ஒரு வீட்ல அறை எடுத்துத் தங்குனேன். கிளாரன்ஸ் இங்க. சனிக்கெழமன்னா பஸ் மாத்தி பஸ் மாத்தி வருவேன், ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட ஓடணும். நம்ம ரெண்டு பேரும் சேந்தாப்புல ஒக்காந்து சாப்புடுற நாள் வாரத்துல ஒன்னுன்னு கிளாரன்ஸ் சிரிப்பாரு. அவருக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு செவ்வாக்கெழம. ஊருக்கெல்லாம் மருந்து குடுத்தவரு, அவரு வீட்ல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. நான் வந்து சேந்தப்ப மூஞ்சத் தொடச்சி, கோட்டு மாட்டி, பொட்டியில வச்சிருந்தாங்க. உங்கப்பா பெரிய மால கொண்டு வந்து போட்டாரு. நல்ல மனுசன், நம்ம பள்ளிக்கூடத்துக்கே கரண்டு வாங்கிக் குடுத்தவருன்னு எரங்கல் பேசுனாரு. நல்லாப் பேசுனாரு. எல்லாரும் அழுதாங்க. நான் அழல. அவரு சட்டப் பையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் குணவதி. நான் அங்க இருக்கேன், அவ இங்க ஆறாவது முடிச்சி, இடைநிலைப் பள்ளிக்கு முன்னால மலாய் பழக்குற ரிமூவ் கிளாசுக்கு டவுனுக்குப் போனா. வகுப்புல டீச்சர் மலாய்ல கேள்வி கேக்குறாங்க. அவளுக்குப் பதில் தெரியுது. கேள்விதான் புரியல. எழுந்து நிப்பாளாம். உக்காருன்னு சொன்னதும் புரியாம நின்னுகிட்டே இருப்பாளாம். மத்த புள்ளைங்க சிரிக்கும். கொஞ்ச காலம் போனா, அப்புறம் அவங்கம்மா கூடக் காலையில நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிட்டா. இப்பயும் வெட்டுறா. அவ மக மொத வகுப்புல நம்மகிட்டத்தான் இருக்கு. தாய மாதிரியே கண்ணு.

நீ? நீ நாலாம் வகுப்புலயே பீடோங் மலாய்ப் பள்ளிக்கு மாறிட்ட. உனக்கு மலாய் தண்ணி மாதிரி வந்துச்சு. வாத்தியாரு மகளாச்சே, அதனாலன்னு ஊரு சொல்லிச்சு. இப்ப பட்டம் வாங்கி, பினாங்குல இடைநிலைப் பள்ளியில டீச்சர். சந்தோசம்மா. மெய்யாத்தான் சொல்றேன். நீ நல்லாப் படிச்ச, அது உன்னோடது.

மழ தூறுது, கார் கண்ணாடி ஏத்தித்தான இருக்கு?

வந்துட்டேன், விசயத்துக்கு வந்துட்டேன். உங்கப்பா தமிழ்ப் பள்ளிகளுக்கு அமைப்பாளராப் பதவி உயர்வு வாங்கிட்டுப் போனாரு, மார்ல பதக்கம் குத்துனாங்க, நான் இந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியையாத் திரும்பி வந்தேன். எல்லாத்தையும் ஒப்படச்சாரு. அலமாரிச் சாவி, கேட்டுச் சாவி, மணி, ரோத்தான் பெரம்பு மொதக்கொண்டு. டிவி சாவி மட்டும் வரல. கேட்டேன். அது எப்பவோ டியூபு போயிருச்சு டீச்சர், கறுப்பு வெள்ள, ஸ்டோர்ல கெடக்கு, அத எதுக்குத் தொடுறீங்க, ஆள வச்சி ஒரு நாள் எரிச்சிருங்கன்னாரு. நான் எரிக்கல. அரசாங்கச் சாமான எப்படிம்மா எரிக்கிறது.

போன மாசம் ஊடக அறைக்கு எடம் ஒதுக்குறதுக்காக ஸ்டோரச் சுத்தம் பண்ணேன். நான் மட்டும்தான் இருந்தேன். மூலையில சாக்குப் போட்டு மூடியிருந்துச்சு. சாக்க எடுத்தா அதே மரம், அதே கதவு. பொட்டு மேல பொட்டு, சந்தனம் காஞ்சி பாளம் பாளமா. அம்மாசிக்கு இப்ப வயசாச்சு, இடுப்பு நிமுராது. யாரையாவது லயத்துலேருந்து கூப்புடணும், நாலு பேராவது வேணும், நாளைக்குப் பாப்போம்னு நெனச்சேன். சும்மா, கூட்டுறதுக்கு வழியா இருக்கட்டும்னு ஒரு பக்கமா அசச்சிப் பாத்தேன்.

பிரேமா, என் முட்டி உனக்குத் தெரியும். ஒரு வாளி தண்ணி தூக்குனா ரெண்டு நாளைக்கு எண்ண தடவணும். நான் அந்தப் பொட்டிய ஒத்த ஆளாத் தூக்குனேன். இப்படி, ரெண்டு கையில, கொழந்தையத் தூக்குற மாதிரி. தூக்கிட்டு வராந்தா வழியா நடந்து வந்து, இந்த அறைக்குப் பின்னால வச்சேன். மூச்சு வாங்கல. நடக்க நடக்க உள்ள ஒரு சத்தம். கட கட கடன்னு. நின்னா நிக்குது, நடந்தா உருளுது. மொதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சிச்சு. பென்சில்.

எங்க புள்ளைங்க பென்சிலும்மா. ஒவ்வொரு சோதனைக்கும் போட்டது. உள்ள தடுக்குறதுக்கு ஒன்னுமே இல்ல, அதான் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உருளுது. டியூபும் இல்ல, கம்பியும் இல்ல, ஒன்னும் இல்ல. வெறும் பொட்டி. பின்பக்கம் பாத்தேன், பழைய மூடியக் காணோம், ஒட்டுப்பலக வெட்டி ஆணி அடிச்சிருக்கு. அம்மாசியக் கூப்ட்டுக் கேட்டேன். ஆமா டீச்சர், டிவி வந்து கொஞ்ச நாள்ல விடுமுறையில ஒரு மெக்கானிக் வந்தான், தூசி தட்டுறான்னு சார் சொன்னாரு, என்னைய கடைக்கு அனுப்பிட்டாருன்னான்.

நில்லு, நில்லு. எழுந்திரிக்காத. உள்ள இருந்தது எங்க போச்சுன்னு என்ன நீ கேக்கக் கூடாது. நீதான் எனக்குச் சொன்னது.

ஞாபகம் இல்லியா? ரெண்டாம் வகுப்பு. மலாய் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்ச புதுசு. ஒரு நாள் ஓடி வந்து என் சேலையப் புடிச்சி இழுத்து, டீச்சர் நான் ஒன்னு படிக்கிறேன்னு சொல்லி, சாக்பீஸ் எடுத்து கரும்பலகையில எழுதுன. ஹாக் கெராஜாஆன். ஒரு எழுத்துப் பிசகல. எங்கம்மா படிச்சன்னு கேட்டேன். எங்க வீட்டு டிவிக்குப் பின்னால வெள்ளச் சாயத்துல எழுதியிருக்கு, அப்படின்னா என்னா டீச்சர்னு கேட்ட. அரசாங்கத்துக்குச் சொந்தமானதுன்னு அர்த்தம்னு சொல்லி, உன் கன்னத்தத் தட்டி, உனக்கு நட்சத்திரம் போட்டேன். அதுக்கு மேல யோசிக்கல. ஹெட்மாஸ்டர் வீட்டுச் சாமான் பத்தி எனக்கு என்ன யோசன. பென்சில் சத்தம் கேட்ட பெறகுதான் அந்தக் கரும்பலக ஞாபகத்துக்கு வந்துச்சு.

எங்க புள்ளைங்க உங்க ஜன்னலுக்கு வெளிய கொசுக்கடியில நின்னு எட்டிப் பாத்தது அவங்க டிவியத்தான்.

தண்ணி வேணுமா? குடி.

இல்ல, நான் திறக்கல. பூட்ட ஒடைக்கல. சத்தியமா இது வரைக்கும் உள்ள எட்டிக்கூடப் பாக்கல. அது என் வேல இல்ல. மேடையில எடம் பாத்தாச்சு, நடு மத்தியில. பக்கத்துல பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லிட்டேன். பொட்டத் தொடைக்க வேணாம்னு சொல்லிட்டேன், அது அப்படியே இருக்கட்டும். சட்டமன்ற உறுப்பினரு ஒய்.பி. வர்றாரு, லயத்து ஜனம் மொத்தமும் வருது. அந்தக் கால ஆறாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு முன்வரிசை. எல்லாரும் இப்பப் பால் வெட்டுறவங்க, உரம் போடுறவங்க, ஒன்னு ரெண்டு பேரு பீடோங்ல லோரி ஓட்டுறாங்க. ஆலாத்தித் தட்டு குணவதி கையில. உங்கப்பா பக்கத்துலதான் நிப்பா. அவரு கதவத் தள்ளுனதும் பென்சிலெல்லாம் அவ காலடியில வந்து விழும். அவளுக்குத் தன்னோடது எதுன்னு தெரியும்னு நெனக்கிறேன்.

அழாத. ஒனக்காக நான் இதச் செய்யல, ஒனக்கு எதிராவும் செய்யல.

நிறுத்துறதா? எத? விழாவையா? நான் எப்படிம்மா நிறுத்துவேன், அழைப்பிதழ் ஊரெல்லாம் போயாச்சு. ஒடம்பு முடியலன்னு அவரு வராம இருக்கலாம். அப்படி வராட்டி, குணவதியத் திறக்கச் சொல்லுவேன், அம்மாசிகிட்ட கோடாலி இருக்கு. முன்னமே வந்து லயத்து ஜனத்துகிட்ட தன் வாயால சொல்லிட்டாருன்னா, அது அவரு இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அவரு சொல்ல மாட்டாரு. எனக்கு அவரத் தெரியும்.

ஏன் உன்கிட்ட இப்பச் சொன்னேன்னு கேக்குறியா. மறச்சி வச்சி மேடையில மாட்டி விட்டிருக்கலாம், அதுதான் சுலபம். ஆனா அது ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும் பிரேமா. நீ இப்ப வீட்டுக்குப் போயி அவர்கிட்ட சொல்லுவ. அவரு ராத்திரி படுப்பாரு, காலையில எழுந்திரிப்பாரு, கோப்பி குடிப்பாரு, ஞாயித்துக்கெழம இன்னும் வந்திருக்காது. எங்க புள்ளைங்க அந்தக் கதவுக்கு முன்னால உக்காந்து, எப்பத் திறப்பாங்க, எப்பத் திறப்பாங்கன்னு காத்திருந்தாங்க. அவரும் காத்திருக்கட்டும். அது எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியட்டும்.

கெளம்புறியா? சரிம்மா. மழ விடட்டுமேன்னு பாத்தேன். கோப்பிய அப்படியே வச்சிட்ட, பரவால்ல. ரோட்டு வளைவுல மண்ணு சறுக்கும், மெதுவா ஓட்டு.

அப்பாவ நான் விசாரிச்சதாச் சொல்லு. மறக்காம சாவிய எடுத்துட்டு வரச் சொல்லு.